வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழும்பித் தண்ணீர் மோட்டரைப் போட்டேன். தாங்கி நிரம்பும் வரைக்கும் கடற்பக்க ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தேன். இந்த மாதங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் கடல் வீட்டுக்குள்ளேயே வந்து உப்பாக ஒட்டிக்கொள்கிறது. மோட்டரை நிறுத்தி, தேநீர் குடித்து, அரசாங்க வேலைக்காகக் கந்தோருக்கு உடுக்கும் சேலைகளை அழுத்தி, திங்கள் முதல் வெள்ளி வரையான ஒழுங்கில் அலுமாரியில் தொங்கவிட்டேன். சந்தைக்குப் போய்ப் பாரை மீன் வாங்கிவந்து, கழுவி, மஞ்சள் பூசி வைத்தேன். இவை எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடப்பவை. வழக்கத்தில் இல்லாதது ஒன்றுதான்: சாப்பாட்டு மேசையில், பூச்சாடியின் கீழே, நான் கையெழுத்து வைக்காத பிணை ஒப்பந்தம் ஒன்று மூன்று கிழமைக்கு மேலாகக் கிடந்தது.

என் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

“ஆன்ட்டி, கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டு வந்துர்றேங்க.”

“இண்டைக்குமோ?”

“ஆமாங்க. சித்தி வீட்டுக்கு.”

“மத்தியானம் வருவியோ? மீன் வாங்கியிருக்கிறன்.”

“தெரியலீங்க. எனக்காக எடுத்து வைக்காதீங்க.”

மேசையைக் கடக்கும்போது அவள் பூச்சாடியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் போனதுதான் என் மனத்தில் முள்ளாக நின்றது.

அவள் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். தாய் கொழுந்து எடுப்பவர், தகப்பன் இல்லை. மலையகத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் போதாது என்று, அப்பகுதிப் பிள்ளைகளைக் கொழும்பில் படிப்பித்துத் திருப்பி எடுப்பதற்காக அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையில் அவள் இயன்மருத்துவம் என்ற பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். செய்முறைப் பயிற்சி களுபோவில ஆஸ்பத்திரியில். அங்கிருந்து ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம் என்பதால்தான் என் வீட்டுக்கு வந்தாள். வந்து ஒன்றரை வருடம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அந்த உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. படித்து முடித்தபின் ஐந்து வருடம் தங்கள் பகுதியில் வேலை செய்ய வேண்டும். செய்யாமல் போனால் செலவழித்தது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு நிரந்தர அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். பிணையை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அவளுக்கு அதுவரை பிணை நின்றவர்கள் அவளுடைய பாடசாலை அதிபரும் அந்தப் பகுதித் தபாலதிபரும். அதிபர் அந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்றவரின் கையெழுத்து செல்லாது. அவள் குடும்பத்துக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர்கள் மொத்தம் மூன்று பேர்தான்: அதிபர், தபாலதிபர், நான்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் என் கையெழுத்து விழாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அவள் அறையைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் நான் மறுக்கவில்லை. வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒப்பந்தத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின: அவள் போய்விட்டால், கட்ட வேண்டியது நான். என் கந்தோரில் முன்பு ஒருவர் இருந்தார். தன் தங்கை மகனான மருமகன் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கப் பிணை நின்றவர். மருமகன் படித்து முடித்தான், திரும்பி வரவில்லை. மாதா மாதம் அவருடைய சம்பளத்தில் வெட்டினார்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த தேநீர் விருந்தில் மருமகனின் கல்யாணப் படத்தை எல்லோருக்கும் காட்டினார். அழகான படம்.

ஆகவே நான் கவனிக்கத் தொடங்கினேன். கவனிப்பது எனக்குப் புதிதல்ல. யுத்தம் நடந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகளில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். யார், எந்த ஊர், எதற்காக வந்தார், எப்போது போவார். டோர்ச் வெளிச்சத்தோடு வந்து பெயர்களைக் கூப்பிட்டு முகங்களைப் பார்ப்பார்கள். பதிவில் இல்லாத முகம் இருந்தால் வீட்டுக்காரரும் ஜீப்பில் ஏற வேண்டும். அதனால் தங்குகிறவர்களின் போக்குவரத்தை அன்றன்றே எழுதிவைக்கப் பழகினேன். இப்போது ஒருவரும் வந்து கேட்பதில்லை. எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

அப்படி எழுதியதில்தான் கொட்டாஞ்சேனை அடிக்கடி வந்தது. ஒன்றரை வருடமாக அவள் வாயில் வராத ஒரு சித்தி, ஒப்பந்தம் என் மேசைக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஃபோனில் கதைக்கும்போது அறைக்கதவைச் சாத்தினாள். ஒரு தடவை கதவுக்கு உள்ளே இருந்து “பாஸ்போட்டு” என்ற சொல் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒருநாள் மழையில் நனைந்த பையை மின்விசிறியின் கீழே கவிழ்த்துக் காயவைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ உறை. கொட்டாஞ்சேனை முகவரி. மேலே விசாப் படம் என்று முத்திரை. வாய் ஒட்டியிருந்தது.

எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில்.

“திறந்து பாத்தனியோ?” என்றார்.

“இல்லை அக்கா. ஒட்டியிருந்தது.”

“கேத்தில்ல தண்ணி கொதிக்க வைச்சு அந்த ஆவியில பிடிச்சா உரிஞ்சுவரும். உன்ர நேர்மை ஒருநாள் உன்னைக் கடன்காரி ஆக்கும், இருந்து பார்.”

“வேற எதுக்கும் எடுத்திருக்கலாம்தானே. கம்பஸ் அடையாள அட்டைக்கு...”

“விசாப் படம் எண்டா வெள்ளைப் பின்னணி. ரெண்டு காதும் தெரிய வேணும். சிரிக்கக் கூடாது. என்ர மூண்டும் அப்பிடித்தான் எடுத்ததுகள். அதுக்குப் பிறகு அதுகள் சிரிச்சதை நான் வட்ஸ்அப்பிலதான் பாக்கிறன்.” கதவைச் சாத்தப் போனவர் திரும்பினார். “அரசாங்கம் மலைக்கு எண்டு படிப்பிக்குது, பெட்டை லண்டனுக்கு எண்டு படிக்குது. நீ நடுவில நிண்டு கட்டு.”

அவர் சொன்னது புதிதாக இல்லை. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டைத் தட்டினாலும் இதையே சொல்வார்கள். படித்த பிள்ளை படம் எடுத்தால் அது போகத்தான். என் வீட்டிலேயே அண்ணாவும் தங்கையும் அப்படித்தான் போனார்கள்.

அன்று ஞாயிறு அவள் இறங்கிப் போனதும், மீனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். உறையில் பார்த்த வீதியின் பெயர் நினைவிருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வீதியில் ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் மணமக்கள் படங்களும் ஒரு வயதுப் பிறந்தநாள் படங்களும் இருந்தன. பக்கத்தில் ஒடுக்கமான படி. படிக்கு மேலே, முதலாம் மாடியில், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம் என்று மூன்று மொழியிலும் பலகை. ஞாயிறிலும் திறந்திருந்தது. வீதிக்கு மறுபக்கம் இருந்த தேத்தண்ணிக் கடையில் வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தேன். பிளேன் டீ ஒன்று சொன்னேன். அது ஆறிப்போயும் குடிக்காமல் வைத்திருந்தேன்.

இரண்டாவது டீயும் ஆறத் தொடங்கியபோது அவள் படியில் இறங்கி வந்தாள். தனியாக இல்லை. அவளைவிடக் கட்டையான, வெயிலில் கறுத்த ஒரு பெண்ணின் கையை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் ஒரு பழுப்பு உறையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“குடுங்கம்மா. இங்க குடுங்க.”

“விடு புள்ள, ரோட்டுல நின்னுக்கிட்டு.”

“குடுத்தாத்தான் விடுவேன்.”

“ஒரு தடவ ஒளிச்சது பத்தாதா ஒனக்கு?”

நான் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் என்னைக் கண்டதும் கையை விட்டாள். முகத்தில் வெட்கம் இல்லை. பொலிஸ் வந்து நின்ற இரவுகளில் எங்கள் முகங்களில் இருந்தது எதுவோ அதுதான் இருந்தது.

“ஆன்ட்டி... நீங்க இங்க?”

“இவ ஆர்?”

“எங்க அம்மாங்க.”

“சித்தி வீடு எண்டாய்.”

“சித்தி வீடும் இங்கதாங்க, ஜெம்பட்டா வீதிப் பக்கம். அம்மா வந்து அங்கதான் இருக்காங்க.”

மூன்று பேரும் தேத்தண்ணிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தோம். தாய் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். உறையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“உங்கட மகள் வெளிநாட்டுக்குப் போறாவோ?”

“இவளா?” தாய் மகளைப் பார்த்தார், பிறகு என்னை. “இல்லீங்கம்மா. நான்தாங்க போறேன்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவருடைய நெற்றிக்கு மேலே, கூடையின் பட்டி பல வருடம் இழுத்து இழுத்து, முடி மெலிந்து ஒரு கோடு தெரிந்தது. ஐம்பதை நெருங்கியிருப்பார். போகக்கூடியவர்கள் என்று என் மனத்தில் இருந்த முகங்களில் அந்த முகம் ஒருபோதும் இருந்ததில்லை.

“அப்ப அந்த விசாப் படம்?”

“என் படந்தாங்க. மொத எடுத்தத இவ தூக்கிட்டுப் போயி ஒளிச்சிட்டா. படம் இல்லைனா போக முடியாதுன்னு நெனச்சிருக்கா, படிச்ச புள்ள. நான் மறுபடி எடுத்துக்கிட்டேன்.” சிரித்தார். “காது நல்லா தெரியணும், தோடு இருந்தாக் கழட்டுங்கன்னாரு படம் புடிக்கிறவரு. அத நாங்க எப்பவோ கழட்டி அடகுக்கடையில வச்சாச்சுங்கன்னேன்.”

மகள் சிரிக்கவில்லை.

“எதுக்குப் போறீங்க?” என்றேன்.

“வீட்டு வேலைங்க. ரெண்டு வருச கான்ட்ராக்ட்டு.”

“அது சரி, இப்ப எதுக்கு?”

அவர் மகளைப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்தாள். “நான் ஒங்கள ஒன்னும் சொல்லலீங்க ஆன்ட்டி,” என்றாள்.

“நீ சொல்லல. நான் சொல்றேன்.” தாய் என் பக்கம் திரும்பினார். “கையெழுத்து இன்னும் விழல, வெள்ளிக்கெழமயோட காசு நின்னுரும்னு இவ ஃபோன்ல அழுதா. அப்பறம் மிச்சம் ஒரு வருசத்த யாருங்க படிக்க வைக்கிறது? தோட்டத்துச் சம்பளத்துல முடியுமா? வெள்ளி வரைக்கும் ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா இந்தக் குரூப்பு போயிரும்னு ஏஜென்சில சொல்றாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மருதானைல மெடிக்கல். அது முடிஞ்சா பாஸ்போட்ட அவுங்க வாங்கி வச்சுக்குவாங்க. அப்பறம் வேணாம்னா செலவக் கட்டணும்.”

இப்போது நான் சந்தேகப்பட்டது இன்னொன்றை. ஸ்டூடியோ உறையை என் கண்ணில் படும்படி காயவைத்தது, அழுகை, தாய், தேத்தண்ணிக் கடை: எல்லாம் சேர்ந்து என் கையெழுத்தை எடுப்பதற்கான ஏற்பாடாகவும் இருக்கலாம். மனிதர்கள் இதைவிடச் சிக்கலான வேலை எல்லாம் செய்திருக்கிறார்கள்.

“பாஸ்போட்டைக் காட்டுங்கோ,” என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். தாய் உறையைத் திறந்து எடுத்துத் தந்தார். பெயர், பிறந்த திகதி, வழங்கிய திகதி பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். முகத்தோடு ஒப்பிட்டேன். உள்ளே மருத்துவப் பரிசோதனைக்கான துண்டு இருந்தது. மறுநாள் திகதி, மருதானை முகவரி. எல்லாம் சரியாக இருந்தன.

“பொலிஸ்காரவுங்க கூட இப்படிப் பாக்கலீங்கம்மா,” என்றார் தாய்.

நான் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் வந்து “தேத்தண்ணி?” என்று கேட்டார். மூன்று என்று விரலைக் காட்டினேன். அவர் போன பிறகு மகளைக் கேட்டேன்.

“நீ படிச்சு முடிச்சுத் திரும்பிப் போவியோ? உண்மையைச் சொல்லு.”

“போவேன்னு சொன்னா நம்புவீங்களா?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“எங்க பக்கம் இந்த வேலைக்கு ஆளே இல்லீங்க. அம்மாவுக்குக் கழுத்தும் தோளும் இருக்கிற நெலமைக்கு, வாரத்துல ஒரு நாள் பாக்க ஆள் இருந்தாக்கூடப் போதும். லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். எண்ணெய தேச்சுக்கிட்டு மறுநாள் மலைக்குப் போறாங்க. ஆனா போஸ்டிங் எங்க போடுவாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. எனக்கு முன்னாடி படிச்சிட்டுப் போன அக்கா ஒருத்தங்களுக்கு மெஷின் கூடக் குடுக்கல, வெறுங்கையாலதான் செய்றாங்களாம். ஒப்பந்தத்துல அஞ்சு வருசம்னு இருக்கு. அஞ்சு வருசம் இருப்பேன். ஆறாவது வருசமும் இருப்பியான்னு கேட்டா, தெரியாதுங்க.”

“இது என்ன பேச்சு,” என்றார் தாய். “இருப்பேன்னு சொல்லு.”

“தெரியாததத் தெரியும்னு எப்படிம்மா சொல்றது?”

கடைசி மூச்சு வரைக்கும் மலைக்கே உழைப்பேன் என்று அவள் சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பேன். அந்த “தெரியாதுங்க”வைத்தான் நான் நம்பினேன். ஒப்பந்தம் கேட்பது ஐந்து. அவள் சொன்னதும் ஐந்து. அதற்கு மேல் கேட்க அரசாங்கத்துக்கே உரிமை இல்லை.

“சரி. நான் பிணை நிக்கிறன்,” என்றேன். ஒப்பந்தத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

தாய் அதைத் தொடவில்லை. “அப்ப போடுங்க.”

“இங்க போட ஏலாது. எங்கட தலைமை அதிகாரிக்கு முன்னால போட்டு, அவர் கையெழுத்து வைச்சு சீல் அடிக்க வேணும். நாளைக்குக் காலமை கந்தோரில போடுவன். நீங்க மருதானைக்குப் போகாதேங்கோ.”

“கந்தோரு எத்தன மணிக்குங்க தெறப்பாங்க?”

“எட்டரைக்கு.”

“மெடிக்கல் எட்டு மணிக்குங்க.”

“அதாலதான் சொல்லுறன், போகாதேங்கோ. நான் வாக்குத் தாறன்.”

“வாக்கு குடுக்கிறதுக்கென்னங்கம்மா.” குரல் மரியாதையாகத்தான் இருந்தது. “எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி வந்துச்சு. வாக்குக் குடுத்து, கையெழுத்துப் போட்டு, சீலும் அடிச்சு வந்துச்சு. சீலு மட்டும் மசமசன்னு விழுந்திருந்துச்சு. எந்த ஆபீசுன்னு படிக்க முடியலன்னுட்டாங்க. அத சரி பண்ண கச்சேரி ஆபீசுக்கு நடந்து நடந்தே மனுசன் போய்ச் சேந்துட்டாரு. நான் நாளைக்கு மருதானைக்குப் போறது போறதுதாங்க. நம்பர் எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். சீல் விழுந்திருச்சுன்னு பாப்பா சொன்னா எந்திரிச்சு வந்துருவேன். அதுக்குள்ள கூப்பிட்டாங்கன்னா உள்ள போயிருவேன்.”

அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். தேத்தண்ணி வந்தது. மூன்று பேரும் குடித்தோம். தாய் காசு கொடுக்கப் போனார், நான் விடவில்லை, பிறகு விட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பஸ் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“ஆன்ட்டி, நான் போற நேரம் வர்ற நேரமெல்லாம் எழுதி வைக்கிறீங்கல்ல?”

“ஓம்.”

“யாருக்குங்க?”

“ஆருக்கும் இல்லை. எனக்கு.”

“உதவித்தொகை ஆபீசுக்கு எழுதி அனுப்புறீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வந்த முதல் மாசத்துலருந்தே.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அம்மா போறது தெரிஞ்சா, குடும்பமே ஊர விட்டுப் போகுதுன்னு எழுதிருவீங்க, அதுலயே நிப்பாட்டிருவாங்கன்னு பயம். அதான் சொல்லல.”

ஒன்றரை வருடம் ஒரே கூரையின் கீழ் இப்படித்தான் இருந்திருக்கிறோம். நான் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு, அவள் என் பேனையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து மீனைப் பொரித்தேன். அவள் வெங்காயம் வெட்டினாள். மாலையில் எதிர் வீட்டு அக்கா கதவடிக்கு வந்தார்.

“என்ன, பெட்டை எங்க போறாளாம்? லண்டனோ கனடாவோ?”

“அவள் இல்லை அக்கா. தாய்தான். வீட்டு வேலைக்கு.”

“தாயோ? அப்ப படம்...”

“தாயின்ர.”

“நான் அதை யோசிக்கவே இல்லைப் பிள்ளை.”

“நானும்தான்.”

“அப்ப கையெழுத்து வைக்கப் போறாய்.”

“ஓம்.”

“நாளைக்கு அவள் உன்னை ஏமாத்தினா?”

“ஏமாத்தினா வெட்டட்டும்.”

“நல்லாச் சொல்லுவாய். சம்பளம் வெட்டேக்க என்னட்டை வந்து அழாத.” போகத் திரும்பியவர் மூக்கை உயர்த்தினார். “பாரையோ பொரிச்சனி? ரெண்டு துண்டு தா.”

கொடுத்தேன். பிறகு தலைமை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதிலும் ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்தது அதுவே முதல் தடவை. வீட்டில் யாருக்காவது ஏதும் நடந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, ஒரு பிணைக் கையெழுத்து, காலையில் நேரத்தோடு வேண்டும் என்றேன். அவர் அரசாங்க சேவையில் என்னைவிட அதிக காலம் இருப்பவர். பிணை என்ற சொல்லின் எடை அவருக்கும் தெரியும்.

“அந்தப் பிள்ளையை மிஸ்ஸுக்கு நல்லாத் தெரியுமா?” என்று கேட்டார்.

“ஒன்றரை வருடமாக என் வீட்டில் இருக்கிறாள் சேர். நல்லாத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.”

அவர் சிரித்தார். இரத்மலானையிலிருந்து முதல் ரயிலில் வருவதாகவும், எட்டு மணிக்கு முன்பே மேசையில் இருப்பதாகவும் சொன்னார்.

அன்றைய குறிப்பை எழுதும்போது அவள் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் வழக்கம்போலவே எழுதினேன். அதற்குப் பக்கத்தில், அதே வரியில், நான் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதினேன்.

மறுநாள் திங்கட்கிழமை மோட்டரைப் போடவில்லை. தாங்கியில் இருந்த தண்ணீரில் இருவரும் குளித்துவிட்டு முச்சக்கரவண்டி பிடித்தோம். தலைமை அதிகாரி சாப்பாட்டுப் பையைக் கூட இன்னும் மேசையிலிருந்து எடுத்து வைக்கவில்லை. அவர் முன்னால் நான் கையெழுத்து வைத்தேன். அவர் ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுதாக வாசித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், தானும் வைத்தார். இலாச்சியிலிருந்து சீலை எடுத்து அடித்தார். அவள் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து மருதானைக்கு அனுப்பினாள். மூன்று பேரும் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தாயின் குரல் வந்தது. பின்னால் யாரோ நம்பர் கூப்பிடும் சத்தம்.

“பாப்பா, சீலு ஒரு ஓரத்துல மசமசன்னு இருக்கு. ஆபீசு பேரு முழுசா விழல. நல்லா அடிக்கச் சொல்லு. அடிச்சுப் படம் அனுப்பு. நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிக்கிறேன்.”

அதிகாரிக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒப்பந்தத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உண்மைதான், இடது ஓரம் மங்கல். மைத்தட்டு காய்ந்திருந்தது. நான் என் மேசைக்குப் போய்ப் புது மைத்தட்டை எடுத்துவந்து திறந்து வைத்தேன். அவர் எழுந்து நின்று, உள்ளங்கையால் அழுத்தி, பழைய சீலின் பக்கத்திலேயே இன்னொன்றை அடித்தார்.